ராட்சச எறும்பு நிஜமா? காங்கேயத்துப் பாறையில் எறும்புப் புதைபடிவம் கிடைக்குமா?

காங்கேயம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழாவது படிக்கும் அவருடைய பையன், 5 செ.மீ. நீள எறும்பு ஒரு காலத்தில் பூமியில் இருந்ததாக வீடியோவில் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து பக்கத்துப் பாறைக்குழிக்குப் போய், கறுப்புக் கோடு தெரியும் கல்லாகப் பார்த்துப் பொறுக்கி வந்து திண்ணையில் அடுக்குகிறானாம். அந்த எறும்பு நிஜந்தானா, இத்தனை மெல்லிய உயிர் எப்படிக் கல்லில் தங்கும், பையன் கொண்டுவரும் கல்லில் ஏதாவது இருக்க வாய்ப்பு உண்டா என்பது கேள்வி.

நிஜந்தானுங்க. அதன் பெயர் டைட்டனோமிர்மா லூபெய். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் கிரீன் ரிவர் ஏரிப் படிவுப் பாறையில் கிடைத்தது. வயது சுமார் 4.95 கோடி ஆண்டு. டென்வர் அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் கிடந்த அந்தக் கல்லை அங்கே இருந்த கிர்க் ஜான்சன் என்பவர், கனடாவிலிருந்து வந்த பூச்சிப் படிவ ஆய்வாளர் புரூஸ் ஆர்ச்சிபால்டிடம் எடுத்துக் காட்டினார். பார்த்ததுமே ஆர்ச்சிபால்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு 2011-இல் அதற்குப் பெயர் வைத்து வெளியிட்டார்கள். லூபெய் என்பது கல்லைக் கண்டெடுத்த சேகரிப்பாளரின் பெயரிலிருந்து வந்தது. உடல் நீளம் 5 செ.மீ.க்குச் சற்று மேல், அதாவது ஒரு தீக்குச்சியைவிடக் கொஞ்சம் நீளம்.

வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. கல்லில் இருப்பது ராணி. எறும்பில் ராணியும் வேலைக்காரியும் ஒரே அளவில் இருந்தாகவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஆப்பிரிக்காவில் இன்றைக்கும் இருக்கும் டோரிலஸ் என்ற படையெறும்பில், முட்டை வைக்கும் ராணி வயிறு உப்பி 5 செ.மீ.யைத் தொடும். அதே கூட்டத்தில் சின்ன வேலைக்காரிகள் சில மில்லிமீட்டர்தான். அதனால் தீக்குச்சி நீள எறும்புகள் சாரை சாரையாகக் காட்டுக்குள் போன மாதிரி வரும் அனிமேஷனை எல்லாம் அப்படியே நம்ப வேண்டாம். லூபெய்யின் வேலைக்காரி ஒன்றுகூட இதுவரை படிவமாகக் கிடைக்கவில்லை.

டோரிலஸ் ஏதோ ஆப்பிரிக்கச் சமாச்சாரம் என்றும் நினைக்காதீர்கள். அதே பேரினத்தில் சில நம் மண்ணுக்கடியிலும் வாழ்கின்றன. மழைக்காலத்து ராத்திரியில் வாசல் விளக்குக்குப் பழுப்பு நிறத்தில், நீண்டு தடித்த வயிற்றோடு, குளவியா வண்டா என்று புரியாத ஒன்று வந்து சுவரில் முட்டித் தொப்பென்று விழும். அது அந்த எறும்பின் ஆண். எறும்பு என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

சரி, ஏன் ராணி மட்டும் கிடைத்தது? எனக்கு இதில் பிடித்த பகுதியே இதுதான். ஓர் எறும்பு எங்கே விழுந்து செத்தது என்பதைப் பொறுத்துத்தான் அதைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதே அமைகிறது.

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்துக்குப் பக்கத்தில் மெசல் என்றொரு பழைய சுரங்கக் குழி இருக்கிறது. எண்ணெய் ஊறிய களிப்பாறையை வெட்டி எடுத்த இடம். அங்கே கிடைத்த படிவங்களுக்காகவே 1995-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். சுமார் 4.8 கோடி ஆண்டுக்கு முன்னால் எரிமலை வெடிப்பில் உண்டான பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஆழமான ஏரி ஆனது. அடித்தண்ணீரில் ஆக்சிஜன் கிடையாது. மேலே விழுந்து மூழ்கியதை அழுக வைக்கவோ கொத்தித் தின்னவோ அங்கே ஆள் இல்லை. வண்டின் இறக்கையில் மினுக்கும் நிறம்கூட இன்றுவரை போகாமல் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லூபெய்யின் நெருங்கிய சொந்தமான டைட்டனோமிர்மா ஜைஜான்டியா கிடைத்தது அங்கேதான். 1986-இல் ஹெர்பர்ட் லூட்ஸ் விவரித்தார். அதன் ராணி லூபெய்யைவிடவும் பெரிது; இறக்கையை விரித்தால் சுமார் 15 செ.மீ.

அங்கேயும் கிடைத்தவை ராணிகளும் ஆண்களும்தான். காரணத்தைப் பார்க்க ஜெர்மனிக்குப் போகவேண்டியதில்லை, உங்கள் தோட்டத்துக் கிணறு போதும். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் மேல் இறக்கைகளும் செத்த பூச்சிகளும் மிதக்கும். அதில் பெரும்பங்கு ஈசல். ஈசல் கறையானின் வாரிசு, எறும்பு இல்லை. ஆனால் அதற்கு நடுவில் கறுப்பாக, இடுப்பு ஒடுங்கி, முன்னிறக்கை பெரிதும் பின்னிறக்கை சிறிதுமாகச் சிலது கிடக்கும். அவைதான் எறும்பின் ராணியும் ஆணும். கறையானுக்கு நாலு இறக்கையும் ஒரே அளவு, இடுப்பு ஒடுங்காது; அதை வைத்துப் பிரித்துவிடலாம். வருஷத்தில் சில நாள் இவை கூட்டத்தை விட்டுப் பறந்து, காற்றிலேயே இணைந்து, ராணி இறங்கிப் புதுப் புற்று தொடங்கும். தண்ணீர்ப் பக்கம் பறந்தது தண்ணீரில் விழும். வேலைக்காரிக்கு இறக்கையே இல்லாதபோது அவள் எப்படி ஏரி நடுவில் போய் விழுவாள்? அதனால்தான் ஏரிப் பாறையில் பறக்கிற கூட்டம் மட்டும் பதிவாகிறது.

லூபெய்யைப் பற்றிப் பேச்சு இத்தனை பரவியதற்கு அதன் நீளம் மட்டும் காரணம் இல்லை. ஒரே பேரினம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எப்படி வந்தது என்ற கேள்விதான் ஆராய்ச்சிக்காரர்களை உட்கார விடவில்லை. அந்தக் காலத்தை இயோசீன் என்பார்கள். பூமி இன்றைக்கு இருப்பதைவிட நிறையச் சூடு. துருவத்தில் பனிப்பாளமே கிடையாது. அட்லாண்டிக் கடல் இன்றைய அளவுக்கு அகலவில்லை, வடக்கே கிரீன்லாந்து வழியாக நிலத்தொடர்பு இருந்தது. ஆக, நடந்தோ பறந்தோ போக வழி இருந்தது. ஆனால் அந்த வழி ஆர்க்டிக் பக்கமாகப் போகிறது. இன்று வாழும் எறும்புகளில் 3 செ.மீ.க்கு மேல் ராணி வளரும் இனங்களைக் கணக்கெடுத்தால் ஏறக்குறைய எல்லாமே ஆண்டுச் சராசரி 20 டிகிரிக்கு மேல் இருக்கும் வெப்ப நாடுகளில்தான் வாழ்கின்றன. அந்தக் கால ஆர்க்டிக் பனி இல்லாத இடம்தான், ஆனால் அவ்வளவு சூடு கிடையாது. பெரிய எறும்பு எப்படித் தாண்டியிருக்கும்?

ஆர்ச்சிபால்டு குழுவினர் சொன்ன பதில் இது. இயோசீனில் அவ்வப்போது குறுகிய காலத்துக்கு வெப்பம் திடீரென்று ஏறி இறங்கியது. 5.6 கோடி ஆண்டுக்கு முன் வந்த முதல் ஏற்றத்தில் உலகச் சராசரி 5 டிகிரிக்குக் குறையாமல் கூடி, ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் அப்படியே நின்றது. அதன்பின் சின்னச் சின்ன ஏற்றங்களும் வந்தன. அப்படிப்பட்ட சமயங்களில் வடக்கு வாசல் கொஞ்ச காலம் திறந்து மூடியிருக்கும், அதற்குள் இவை கடந்துவிட்டன என்றார்கள். எறும்பின் உடல் நீளத்தை வைத்து ஒரு காலத்தின் வெயிலைக் கணக்குப் போடுகிறார்கள் பாருங்கள்.

அழகான விளக்கந்தான். 2023-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த இன்னொரு கல் அதில் கொஞ்சம் மண்ணைப் போட்டது. பிரின்ஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த ராணி அது, டைட்டனோமிர்மா பேரினமேதான். ஆனால் அன்றைக்கு அந்த இடம் மேட்டு நிலம், குளுமையான பருவநிலை. அதற்கு மேல் ஒரு சிக்கல். பாறை அழுத்தத்தில் ஒரு பக்கமாக இழுபட்டு எறும்பின் உருவம் கோணிப்போயிருக்கிறது. இழுப்பு எந்தத் திசையில் என்று வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் நீளம் 3 செ.மீ.க்குச் சற்று மேலாகவும் வரும், 5 செ.மீ. ஆகவும் வரும். சின்னது என்றால், குளிர்ந்த ஊருக்குத் தகுந்தபடி சின்ன உடலோடு வாழ்ந்த வகை என்று பழைய விளக்கம் தப்பித்துவிடும். பெரியது என்றால், வெப்பத்தைப் பற்றிப் போட்ட கணக்கையே திருத்தவேண்டும். அந்த மேட்டு நிலத்தில் கோடை பெரிய சூடில்லை என்றாலும் குளிர்காலமும் கடுமையில்லை, பனை வகை மரங்கள் இருந்திருக்கின்றன. எறும்பை நிறுத்தியது சராசரி வெப்பமா, குளிர்காலத்து உறைபனியா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் உறைபனிக் கட்சி. நம் வால்பாறையில் குளுமை இருக்கிறது, தண்ணீர் உறைவது அபூர்வம். வெப்பமண்டலப் பூச்சிகளுக்கு அது பெரிய இடைஞ்சலாகத் தெரியவில்லை.

ஏரி ஒரு வழி. மரப்பிசின் இன்னொரு வழி, அதில் கதை தலைகீழ். பட்டை மேல் ஊர்ந்து போகிற வேலைக்காரிதான் பிசினில் ஒட்டிக்கொள்வாள், 5 செ.மீ. ராணி திமிறிக்கொண்டு போய்விடும். அதனால் ஆம்பரில், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினில், சின்ன எறும்பு, ஏரிப் பாறையில் இறக்கை எறும்பு என்று பாகம் பிரித்த மாதிரி ஆகிவிட்டது.

குளவியிலிருந்து எறும்பு பிரிந்த கதைக்குச் சாட்சியே ஒரு ஆம்பர்தான். 1966-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடற்கரையில் ஃப்ரே என்ற தம்பதியர் கண்டெடுத்தது. வயது 9 கோடி ஆண்டு அளவில். உள்ளே இரண்டு வேலைக்கார எறும்பு. ஹார்வர்டில் எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் அதைக் கையில் வாங்கியபோது பதற்றத்தில் கீழே போட்டுவிட்டார். உடைந்தது, ஆனால் சரியாக இரண்டு துண்டாக, துண்டுக்கு ஒரு எறும்பு வீதம், சேதாரம் இல்லாமல். 1967-இல் ஸ்ஃபெகோமிர்மா ஃப்ரேயி என்று பெயரிட்டார்கள். தாடை குளவிக்குரியது, குட்டையாக, இரண்டே பல். ஆனால் இடுப்புக் கணுவும் மார்பின் பின்பக்கத்தில் இருக்கும் கிருமிநாசினிச் சுரப்பியும் எறும்புக்குரியவை. பாதி அங்கே, பாதி இங்கே.

மியான்மரின் கச்சின் பகுதி ஆம்பரில், 9.9 கோடி ஆண்டுக்கு முந்தைய நரக எறும்புகள் இன்னும் விசித்திரம். நமக்குத் தெரிந்த எறும்பெல்லாம் தாடையை இடவலமாகக் கத்தரி போட்டு மூடும். இவை கீழிருந்து மேலாகத் தூக்கி நெற்றிக் கொம்போடு சேர்த்துப் பிடித்தன. தாடை அமைப்பைப் பார்த்து ஊகம் செய்துகொண்டிருந்தார்கள். 2020-இல் செராட்டோமிர்மெக்ஸ் எல்லன்பெர்கெரி என்ற இனத்தின் வேலைக்காரி, ஒரு கரப்பான் வகைப் பூச்சியின் குஞ்சைக் கொம்புக்கும் தாடைக்கும் நடுவில் கவ்வியபடியே பிசினில் சிக்கியதை வெளியிட்டார்கள். அதோடு ஊகம் முடிந்தது. 2025-இல் பிரேசிலின் கிராட்டோ சுண்ணாம்புப் பாறையில் 11.3 கோடி ஆண்டுப் பழைய நரக எறும்பு ஒன்றும் வந்துவிட்டது, வல்கனிட்ரிஸ் என்று பெயர். இதுவரை ஐயத்துக்கு இடமில்லாத எறும்புகளில் அதுவே மூத்தது.

இந்தியாவிலும் ஆம்பர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. குஜராத்தில் சூரத் பக்கம் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 5 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட ஆம்பர் கிடைக்கிறது. எறும்புகளும் அதில் உண்டு. ஏறக்குறைய லூபெய் வாழ்ந்த காலத்தை ஒட்டியது. அதைச் சுரந்த மரங்கள் நம் குங்கிலிய மரத்தின் குடும்பம். மாரியம்மன் கோயிலில் தூபக்காலில் தூவுகிற குங்கிலியத்தின் ஆதிகால உறவு என்றால் பையனுக்குச் சுலபமாகப் புரியும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: ஆன்லைனில் எறும்பு வைத்த ஆம்பர் என்று மலிவாக விற்பதில் பிளாஸ்டிக்கும் புதுப்பிசினும் ஏராளம். பையன் கேட்டான் என்று வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு வழி. கூடே மொத்தமாக மண்ணில் புதைவது. இப்படி நடப்பது மிக அபூர்வம். கென்யாவில் விக்டோரியா ஏரிக்குள் இருக்கும் எம்ஃபங்கானோ தீவில், ஏறக்குறைய 2 கோடி ஆண்டுப் பழைய படிவில் ஓகோஃபில்லா லீக்கியி என்ற எறும்பு கிடைத்தது. 1964-இல் வில்சனும் டெய்லரும் விவரித்தார்கள். கிடைத்தது ஒற்றை எறும்பு இல்லை. பெரிய வேலைக்காரிகள், சின்ன வேலைக்காரிகள், புழுக்கள், கூட்டுப்புழுக்கள் என ஒரு குடும்பத்தின் பெரும்பகுதி.

ஓகோஃபில்லாவை உங்களுக்குத் தெரியும். நம் முசுறுதான்! பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் மாந்தோப்பில் ஏறினவர்கள் அதை மறக்கமாட்டார்கள். அது கூடு கட்டுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் லீக்கியியின் மதிப்பு விளங்கும். வரிசையாக நின்று ஓர் இலையின் விளிம்பைக் காலால் பிடித்து, அடுத்த இலையின் விளிம்பைப் பல்லால் கவ்வி இழுக்கும். எட்டவில்லை என்றால் ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துச் சங்கிலி போடும். விளிம்பு நெருங்கியதும் உள்ளிருந்து வேறு சில வேலைக்காரிகள் வாயில் புழுவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். புழுவின் தலையை இந்த இலையில் ஒரு தொடல், அந்த இலையில் ஒரு தொடல். ஒவ்வொரு தொடலுக்கும் புழுவின் வாயிலிருந்து பட்டு நூல் வரும். புழுவின் பட்டெல்லாம் கூட்டுக்கே போய்விடுவதால், அது தனக்கென்று கூடு பின்னிக்கொள்ளாமல் வெற்றுடம்பாகவே கூட்டுப்புழு ஆகும். வெளியே காவலும் இரையும் பெரியவர்கள் வேலை. உள்ளே பிள்ளை பார்ப்பது அவர்களில் பாதி அளவே இருக்கும் சின்னவர்கள். நடு அளவில் ஆள் அநேகமாக இருக்காது.

லீக்கியி படிவத்தில் வேலைக்காரிகளை அளந்து பார்த்தபோது அதே இரண்டு அளவுக் கூட்டம் தெரிந்தது. அதாவது, இன்று தோப்பில் பார்க்கும் வேலைப் பிரிவினை 2 கோடி ஆண்டுக்கு முன்பே இருந்திருக்கிறது. லூபெய்யின் ராணி எத்தனை பெரிதாக இருந்தாலும், அவள் புற்றுக்குள் என்ன நடந்தது என்று அந்தக் கல்லால் சொல்ல முடியாது. சாதாரண அளவு எறும்பான லீக்கியி சொல்கிறது. என்னைக் கேட்டால், பையனுக்கு ராட்சச எறும்பைவிட இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். இன்னொன்று, மெசல் ஏரியிலும் பால்டிக் ஆம்பரிலும்கூட முசுறின் மூதாதைகள் உண்டு. இன்று ஐரோப்பாவில் ஒரு முசுறும் கிடையாது. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவின் வெப்பப் பகுதிகளோடு சரி.

இப்போது திண்ணையில் இருக்கும் கல்லுக்கு வருவோம். அதில் எறும்பு இருக்காதுங்க. பையனுக்கு வருத்தமாக இருந்தாலும் இதை உறுதியாகவே சொல்லலாம். கொங்கு நாட்டின் பாறை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், கருங்கல் வகை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, அழுந்தி, மடிந்து மேலே வந்தவை. சேலம், நாமக்கல் பக்கம் 250 கோடி ஆண்டுப் பாறைகள் உண்டு. உங்கள் ஊர்ச் சிவன்மலையின் கல் நிலவியலாளர்கள் நடுவில் பேர் போனது, நெஃபலின் சயெனைட் என்ற அரிய தீப்பாறை. படியூரில் கடல்பச்சைக் கல் கிடைப்பதும், நொய்யல் கரையில் கொடுமணலில் அந்தக் காலத்தில் கல்மணி அறுத்ததும் இப்படி வெந்த பாறையின் புண்ணியந்தான். மணிக்கல்லுக்கு நல்லது, படிவத்துக்கு ஆகாது. முதல் எறும்பு பிறப்பதற்குப் பல கோடி ஆண்டு முன்பே உருவான கல்லில் எறும்பு எப்படி இருக்கும்?

அப்படியானால் பையன் பார்க்கும் கறுப்பு என்ன? கல் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தால் அது ஹார்ன்பிளெண்டோ பயோடைட்டோ, கனிமம். நகத்தால் சுரண்டினால் மினுமினுத்துச் செதில் செதிலாக வந்தால் பயோடைட். விரிசல் முகத்தில் கிளை கிளையாகப் படர்ந்திருந்தால் அது மாங்கனீசு ஆக்சைடு. விரிசலுக்குள் தண்ணீர் ஊறி விட்டுப் போன கறை. இலை, பாசி, எறும்பு என்று உலகம் பூராவும் ஆட்களை ஏமாற்றியது இது. கிணறு வெட்டும்போது வரும் சுக்கான் கல்லில் குழாய் குழாயாக இருப்பது வேர் அல்லது பூச்சி வளை இருந்த இடத்தில் சுண்ணாம்பு உறைந்தது. அது மட்டும் உயிர் விட்ட தடயம், ஆனால் நிலவியல் கணக்கில் நேற்றையது.

உண்மையான எறும்புப் படிவத்தை அடையாளம் காண இரண்டு இடத்தில் பார்க்கவேண்டும். ஒன்று இடுப்பு: மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் தனியாக ஒன்றோ இரண்டோ கணு. இன்னொன்று உணர்கொம்பு: முதல் துண்டு நீளமாகப் போய், அப்புறம் முழங்கை மடக்கிய வாக்கில் வளையும். வீட்டுக் கட்டெறும்பு ஒன்றைப் பிடித்துப் பத்து மடங்கு லென்ஸில் பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் கல்லில் அவனே தேடிப் பார்த்து இல்லை என்று சொல்லிவிடுவான்.

படிவம் பார்த்தே தீரவேண்டும் என்றால், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் முதலில். அங்கே பெரும்பாலும் இந்தக் காலத்துப் பூச்சிகள்தான், ஆனால் எறும்பும் குளவியும் எப்படிச் சொந்தம் என்பது கண்ணுக்கு நேரே தெரியும். அப்புறம் கரூர், திருச்சி தாண்டி அரியலூர். அங்கே இருப்பது கடல் படிவு, நரக எறும்புகள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தது. எறும்பு கிடைக்காது, ஆனால் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரும் சிப்பியும் பார்க்கலாம். வாரணவாசியில் படிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்தில் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கூட்டிப் போவதானால் மார்கழி, தை பார்த்துப் போங்க. அங்கே நிழலுக்கு ஒதுங்க மரம் தேட வேண்டியிருக்கும், தண்ணீரும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.